காசியம்மாள் தூற்றிய மண்

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தீர்த்தகிரிக் கவுண்டர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. குழி வூடு எது என்று கேட்டால் பால்வாடிக் குழந்தைகூடக் கையைக் காட்டும். காட்டிவிட்டு, "அங்க போவாதீங்க, பேய் இருக்குது" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுக்கும்.

பேய்க்குப் பெயர் பச்சியப்பன். உச்சி வெயில் நேரத்தில் அந்த வீட்டுக் கூடத்தில், தரைக்கு அடியிலிருந்து அவன் தட்டுவானாம். காதால் கேட்டவர் யார் என்று விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைச் சொல்வார், அவர் பென்னாகரத்தில் இருக்கும் மச்சானைச் சொல்வார். மச்சான் செத்து ரொம்ப நாளாகியிருக்கும். நடுவில் ஒரு வாத்தியார் அங்கே வாடகைக்கு வந்து ஒரே மாதத்தில் காலி செய்துகொண்டு போனார். மனுஷன் போனது கூரை ஒழுகியதால். அதை அவரே டீக்கடையில் உட்கார்ந்து தெளிவாகச் சொன்னார். ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பேயின் பெண்டாட்டி உயிரோடுதான் இருக்கிறாள். காசியம்மாள். அறுபது தாண்டிவிட்டது. ஈர்க்குச்சி போன்ற உடம்பு. வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம். நூறு நாள் வேலைக்குப் போகிறாள், அங்கே மண்வெட்டியைவிட அவள் வாய்தான் அதிகம் வேலை செய்யும். ஆனால் ஊரில் அவளை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். புருஷனைக் குழிக்குப் பறிகொடுத்தவள் என்று அவளுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதையில்தான் அவள் நாற்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தாள்.

குழி என்றால் ராகிக் குழி. அந்தக் காலத்தில் நிலபுலன் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பானை போலக் குடைந்து, உள்ளே பூசிக் காயவிட்டு, ராகியைக் கொட்டி வைப்பார்கள். வாய் ஒரு ஆள் நுழைகிற அளவுதான். அதைப் பலகைக் கல்லால் மூடி, மேலே மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிவிட்டால், ராகி எத்தனை வருஷமானாலும் அப்படியே கிடக்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கல்லைத் திறந்த உடனே உள்ளே இறங்கக் கூடாது. அடைத்துக் கிடந்த காற்று ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். ஒரு நாள் ஆறப்போட்டு, வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்து, விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால்தான் ஆள் இறங்கலாம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்துப் போயிருந்தது. பச்சியப்பன் கவுண்டரிடம் பண்ணையாள். குழியில் இறங்கி ராகி எடுப்பது அவன் வேலைதான். காசியம்மாளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கடத்தூர் பக்கம் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, புருஷனைக் காணோம். விசாரித்ததில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முந்தாநாள் குழியைத் திறந்து ராகி எடுத்திருக்கிறார்கள், பச்சியப்பன்தான் இறங்கியிருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் மாடு சோளக் கொல்லையில் புகுந்துவிட்டது என்று கவுண்டர் அவனை நாலு பேர் பார்க்க அடித்திருக்கிறார். விடிந்தால் குழியின் வாயில் புது மெழுகல் இருக்கிறது, ஆளைக் காணவில்லை.

"கோவிச்சுக்கிட்டு எங்கியோ போயிட்டான். வந்துருவான் போ" என்றார் கவுண்டர்.

அவள் தெருவில் இருந்த சின்னராஜ் மட்டும், தருமபுரி ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்குப் பச்சியப்பன் துணி மூட்டையோடு நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். காசியம்மாள் நம்பவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை விட்டுவிட்டு எவனாவது போவானா? ராத்திரி மறுபடியும் கல்லைத் திறந்து, ஆறப்போடாமல் இறக்கியிருக்கிறான் கவுண்டன், இவன் உள்ளேயே சாய்ந்திருக்கிறான், பழி வந்துவிடும் என்று அப்படியே வைத்து மெழுகிவிட்டான். அவள் கணக்கு அப்படித்தான் முடிந்தது.

காலனிக்காரர்கள் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. குழியில் இறங்குகிற பச்சியப்பன் ஒருவன்தான் விதிவிலக்கு. வேலை என்று வந்தால் தீட்டு கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். காசியம்மாள் அன்றைக்குத் தெருமண்ணை முந்தானையில் அள்ளிக்கொண்டு நேராகக் கூடத்துக்குள் போனாள். "எம் புருசன முழுங்குன குழிடா இது! இதுல இருக்கற ராகி உங்க வூட்டுல ஒருத்தரு தொண்டையிலயும் எறங்காது!" என்று குழியின் மேல் மண்ணைத் தூற்றினாள். வளையலை அங்கேயே உடைத்தாள். தாலியையும் அங்கேயே அறுத்தாள்.

வயிறெரிந்து ஒருத்தி மண் தூற்றிய தானியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. தூற்றியவளே வந்து அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு. கவுண்டர் ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார்: "நான் ஒண்ணும் பண்ணல. வந்து மண்ண அள்ளு, நீயே எறங்கிப் பாத்துக்க." கொலைகாரன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றாள் இவள். அவள் அள்ளாமல் என் கை அதில் படாது என்றார் அவர். இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்த பிடிவாதம் இல்லை.

குழி மூடியே கிடந்தது. ஊர் யோசித்தது. இத்தனை பஞ்சத்தில் எவனாவது ராகியை உள்ளே வைத்துக்கொண்டு குழியை மூடி வைப்பானா? உள்ளே பிணம் இருந்தால்தான் வைப்பான். சந்தேகப்பட்டதால் இவள் மண்ணைப் போட்டாள், மண் விழுந்ததால் அவர் மூடினார், மூடியதால் ஊர் நம்பியது. ஊர் நம்பியதைப் பார்த்து இவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயே போய்விட்டது.

மகள் கனிமொழி பிறந்து ஒரு வருஷம் கழித்து சின்னராஜ் வந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். அறுத்துக் கட்டுகிற வழக்கம் அவர்கள் தெருவில் உண்டு, யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். "புள்ளைய எம் புள்ளையாட்டம் பாத்துக்கறேன்" என்றான். காசியம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். "கவுண்டங்கிட்ட வாங்கித் தின்னுட்டு ஸ்டேசன்ல பாத்தேன்னு சொன்னவன்தான நீ?" அவன் போய்விட்டான். வேறு ஒருத்தியைக் கட்டினான், பிள்ளை குட்டி பெற்றான், மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் செத்துப் போனான். சாகிற வரைக்கும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவன் மாற்றிச் சொன்னதே இல்லை.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் தீர்த்தகிரிக் கவுண்டரின் மகன் சந்திரமோகன் காசியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தருமபுரியில் குடித்தனம். அவளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். பள்ளிக்கூடத்தில் கொலைகாரன் மகன் என்று பெயர் வாங்கியவர்; சுற்று வட்டாரத்தில் யாரும் பெண் கொடுக்காமல் திருவண்ணாமலைப் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்தவர்.

"வூட்ட இடிச்சுக் கட்டலாம்னு ஜேசிபி வரச் சொன்னேங்க. டிரைவரு கடத்தூர்க்காரன். குழி வூடுன்னு தெரிஞ்சதும் வண்டிய ஆப் பண்ணிட்டு எறங்கிட்டான்" என்றார்.

அவர் அப்பா அவளை "ஏ புள்ள" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. மகன் 'ங்க' போட்டுப் பேசுவது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்காக விட்டுக்கொடுப்பாளா?

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நான் வண்டி ஓட்டவா?"

"நீங்க வந்து மண்ண அள்ளணும். எறங்கிப் பாக்கணும். நானே எறங்குனா, ராத்திரியோட ராத்திரியா எடுத்துப் போட்டுட்டான்னு சொல்லுவாங்க. போலீசக் கூப்புட்டா, சரிக்கட்டிட்டான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா ஊரே ஒத்துக்கும். ஆளு இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க. எங்கப்பன் பண்ணது பாவம்னு நானே ஒத்துக்கறேன். அங்க வூடே கட்டல. சமாதி கட்டி, கல்லு நட்டு, வருசா வருசம் நானே பூசை போடறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

காசியம்மாள் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கனிமொழி வந்துவிட்டாள். சத்துணவு மையத்தில் சமையல் வேலை, நல்ல கனத்த உடம்பு, அம்மாவின் வாயில் பாதிகூட இல்லாதவள்.

"வர்றோம்னு சொல்லும்மா" என்றாள்.

"நீ சும்மா இருடி."

"எவ்ளோ நாளைக்குச் சும்மா இருக்கறது? எனக்கு நாப்பத்தோரு வயசு ஆவுது. எங்கப்பன் மொகம் எப்புடின்னு தெரியாது. உள்ள இருக்கறாரா இல்லியா, அதாச்சும் தெரியட்டும். நானே எறங்குவேன், அந்த வாயில நான் நொழைய மாட்டேன், அதான்."

காசியம்மாளால் மகளைப் பார்த்து வாசற்படி கதையைச் சொல்ல முடியவில்லை. அது மற்றவர்களுக்குச் சொல்லி வைத்த காரணம். முதல் ஒன்றிரண்டு வருஷம் அவள் போகாமல் இருந்தது, புருஷனைப் பிணமாகப் பார்க்கப் பயந்து. அதற்கப்புறம் போகாமல் இருந்தது வேறு ஒரு பயத்தில். அங்கே அவன் இல்லாவிட்டால்? புருஷனைக் கொன்றுவிட்டார்கள் என்றால் ஊர் அவளுக்காக அழும். விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றால், உன்னிடம் என்ன குறை கண்டான் என்று அவளைத்தான் கேட்கும். அதை ஊர் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

"வர்றேன் போங்க" என்றாள் சந்திரமோகனிடம், சண்டைக்கு வருகிற குரலில்.

மறுநாள் காலையில் குழி வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். பேய்க்குப் பயந்து அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் முதல் வரிசையில் நின்றார்கள். காசியம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். கூடத்தில் தூசியும் வௌவால் எச்சமும் கிடந்தன. குழியின் மேல் அவள் அன்றைக்கு வீசிய மண் எது, பிறகு சேர்ந்த புழுதி எது என்று யாருக்குத் தெரியும்? மொத்தத்தையும் முந்தானையில் வாரிக்கொண்டு போய்த் தெருவில் கொட்டினாள். அப்புறம்தான் ஆட்கள் கடப்பாரையை வைத்தார்கள். பலகைக் கல் புரண்டதும் உள்ளேயிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. பிண வாடை என்றது முதல் வரிசை. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு வாடை நிற்குமா என்று ஒருவர் கேட்டார், அவரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்கு முழுக்க ஆறப்போட்டார்கள். மறுநாள் வேப்பங்கொத்தைக் கட்டி அடித்தார்கள். வாளியில் மெழுகுவத்தியை ஏற்றி இறக்கினார்கள். முதல் இரண்டு தடவை அணைந்தது. மத்தியானத்துக்கு மேல் மூன்றாவது தடவை நின்று எரிந்தது. கனிமொழி ஒரு தட்டில் சூடமும் பூவும் புது வேட்டியும் வைத்துக்கொண்டு குழியோரமாக உட்கார்ந்திருந்தாள். பாப்பாரப்பட்டியில் வாங்கியிருக்கிறாள், நல்ல கரை வேட்டி. அப்பாவுக்காக அவள் வாங்கிய முதல் பொருள்.

காசியம்மாள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு கையில் நீளக் கம்பியும் இன்னொரு கையில் டார்ச்சும் கொடுத்து இறக்கினார்கள். காற்று குறைகிற மாதிரி இருந்தால் கயிற்றை இழுக்கச் சொன்னார் சந்திரமோகன். "பதில் சொல்லிக்கிட்டே இருங்க" என்றார். அவளிடம் போய் அதைச் சொல்ல வேண்டுமா?

கால் ராகியில் பட்டது. முழங்காலுக்கு மேல் உள்ளே போயிற்று. மேலாகக் கொஞ்சம் கறுத்துக் கட்டி தட்டியிருந்தது. அவள் டார்ச்சைச் சுற்றிலும் அடித்தாள். பூசிய சுவர், ராகி, பூசிய சுவர். வேறு எதுவுமில்லை.

உள்ளே விழுந்து செத்தவன் ராகிக்கு மேலேதானே கிடப்பான்? ஒருவேளை மூடி வைத்திருப்பார்களோ என்று கம்பியால் குத்தினாள். ஒரு சாண் தள்ளி இன்னொரு குத்து. ஒவ்வொரு தடவையும் கம்பி தடையில்லாமல் இறங்கி அடியில் பூச்சில் போய் முட்டி நின்றது. பிறகு கம்பியைப் போட்டுவிட்டுக் காலாலேயே உழப்பிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். குடிசை அளவுகூட இல்லாத இடம். ஒரு எலும்பு இல்லை, ஒரு துணிக் கிழிசல் இல்லை. சுவரோரம் கறுப்பாக ஏதோ தெரிந்ததும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். அது கட்டி தட்டிய ராகி.

"காசியம்மா! இருக்கறீங்களா?" என்றது மேலே சந்திரமோகன் குரல்.

"இருக்கறேன், இருக்கறேன்."

ஒரு கைப்பிடி அள்ளினாள். கறுத்ததற்குக் கீழே ராகி சிவப்பாக, பளபளவென்று இருந்தது. ஒரு பொக்கு இல்லை. அந்த வருஷம் அவள் தெருவே கீரையையும் கிழங்கையும் தின்றுகொண்டிருந்தது. மற்ற பஞ்சங்களில் இந்தக் குழியிலிருந்துதான் தெருவுக்குக் களி வந்தது. அந்த வருஷம் அவள் மண்ணைப் போட்டுவிட்டதால் வரவில்லை. அதற்கும் சேர்த்து ஊர் கவுண்டரைத்தான் திட்டியது. சின்னராஜ் பொய் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்தபோது அவன் முகம் எப்படிப் போனது என்று இப்போது ஞாபகம் வந்தது. அவனிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவனும் இல்லை.

ஆனால் இது ஒன்றும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதும் அவளுக்கு உடனே புரிந்தது. அவளைத் தவிர ஒருவரும் இங்கே இறங்கப் போவதில்லை. இருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எலும்பைக் கலைக்க வேண்டாம், அப்படியே மூடுங்கள் என்றால் மூடிவிடுவார்கள். சந்திரமோகன் கல் நடுவார், பூசை போடுவார். கனிமொழிக்கு வருஷத்தில் ஒரு நாள் போய்க் கும்பிட ஒரு அப்பன் கிடைப்பான். காசியம்மாளும் சாகிற வரைக்கும் யார் முன்னாலும் தலை குனிய வேண்டாம். தீர்த்தகிரிக் கவுண்டர் செத்துச் சாம்பலாகிவிட்டார், அவருக்கு என்ன நஷ்டம்?

"அம்மா! இருக்கறாராம்மா?" கனிமொழி குழியின் வாயில் குனிந்து கேட்டாள்.

இருக்குது என்று சொல்லத்தான் காசியம்மாள் வாயைத் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வட்டமான வெளிச்சத்தில் மகளின் முகம் தெரிந்தது, அவள் மடியில் அந்தத் தட்டு தெரிந்தது, கரை வேட்டி தெரிந்தது. அவனுக்கு வேட்டி. அவனுக்குப் பூ, அவனுக்குச் சூடம். பெங்களூர் ரயிலில் ஏறிப் போனவனுக்கு.

கோபம் குபுகுபுவென்று ஏறியது. இத்தனை வருஷம் தீர்த்தகிரிக் கவுண்டர் மேல் கொட்டி வைத்திருந்த கோபம் முழுவதும் போக வேண்டிய ஆள் வேறொருவன் என்று அந்த நிமிஷத்தில்தான் அதற்கே தெரிந்தது.

"ஆளு இல்ல!" என்று கத்தினாள். குழிக்குள் அது நாலு தடவை சுற்றியது. "ராகிதான் இருக்குது! தூக்குங்கடா என்னைய!"

மேலே தூக்கி விட்டார்கள். கைப்பிடியில் இருந்தது சிதறித் தலையெல்லாம் ராகி. அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக்கூட நிற்காமல் வாசலுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தீர்த்தகிரிக் கவுண்டரு கொல்லல. மூல முடுக்கெல்லாம் பாத்துட்டேன். எவனாச்சும் இனிமே அந்த மனுசன் பேரச் சொல்லிப் பேசுனீங்க, அப்பறம் எங்கிட்டதான் பேசணும்."

சந்திரமோகன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயசான மனுஷர், தோள் குலுங்க, அப்பா நேற்றுத்தான் செத்தது போல. இவள் அவர் அருகில் போய் நின்றாள். "தப்பு எம்மேலதாங்க" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே பெண்கள் வாளியில் ராகியைச் சேந்தி எடுத்து, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, கெடவே இல்லையே என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கனிமொழி தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். தெரு முனை திரும்பியதும் கேட்டாள்.

"அப்ப எங்கதாம்மா போனாரு?"

"ஓடிட்டான்டி. ஓடித்தான் போயிருக்கான்." அந்தச் சொல்லை அவள் வாய் அதுவரை சொன்னதில்லை. "வவுத்துல உன்னைய வச்சுக்கிட்டு இருந்தவள உட்டுட்டு ஓடிட்டான். கவுண்டன் நாலு அடி அடிச்சானாம், ரோசம் வந்துருச்சாம். ரோசம் வந்தவனுக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவ வாய் இல்ல."

கனிமொழி தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "இருக்குதுன்னே சொல்லியிருக்கலாமில்லம்மா? யாரு எறங்கிப் பாக்கப் போறாங்க?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"அப்பறம் ஏன்?"

"அவன் எங்கியோ எவ கையாலயோ சோறு தின்னுக்கிட்டு இருந்தப்ப, நான் இங்க தாலிய அறுத்துட்டு அவனுக்காவ உக்காந்திருந்தேன். கேட்டு வந்தவனையும் தொரத்தி உட்டேன். அது பத்தாதுன்னு இன்னிக்குக் கல்லு நட்டு, நான் பெத்த புள்ள கையால சூடம் வேற காட்டணுமா அவனுக்கு?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "என்னால முடியாதுடி. என்னால முடியவே முடியாது."

சொல்லிவிட்டு நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வயசில் தாலியை அறுத்தபோது ஊரைக் கூட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள். இப்போது சத்தமே வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. பின்னால் வந்த டூவீலர்க்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். கனிமொழி தட்டைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவின் தலையில் ஒட்டியிருந்த ராகியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அந்தாளு என்னையும்தாம்மா உட்டுட்டுப் போனாரு" என்றாள் கனிமொழி.

காசியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.